உயரம் பத்தாது

சாப்பிடுங்க அண்ணா, கூச்சப்படாதீங்க. கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. காலையில வச்சது, இப்பத்தான் உப்பும் புளியும் சேர்ந்து வாய்க்கு நல்லா இருக்கும். நீங்க வரப்போறது தெரிஞ்சிருந்தா கோழியே அடிச்சிருப்பேன். பெரியவரும் அக்காவும் வேர்க்கடலை பிடுங்கப் போயிருக்காங்க. பெரியவர்னா என் பொண்ணு மரகதத்தோட பெரியப்பா, ஏழுமலை. அக்கா அவர் சம்சாரம். பொழுது சாயாம வரமாட்டாங்க. அதுவும் நல்லதுதான். அவங்க இருந்தா இதை நான் பேச முடியாது.

சவரிமுத்துன்னு நீங்க பேர் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மரகதத்தோட அப்பா கடுதாசிக்குக் கடுதாசி உங்களைப் பத்தித்தான். எங்க பட்டாளத்து டீமுக்கு சவரிமுத்துதான் கோல் காக்கறவர், ஆறடி ஆள், ரெண்டு கையையும் விரிச்சா பந்து போக வழியில்லைன்னு. நிஜமாவே உயரமாத்தான் இருக்கீங்க. உள்ள வரும்போது நிலைப்படியில நங்குன்னு இடிச்சுக்கிட்டீங்களே. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது.

பட்டாளத்தை விட்டு ஊருக்குப் போற வழியில, செத்துப்போன சிநேகிதன் பிள்ளையைப் பார்த்துட்டுப் போகணும்னு ரயிலை விட்டு இறங்கி நாலு மைல் நடந்து வந்திருக்கீங்க. அந்த மனசு யாருக்கு வரும்? அதனாலதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். ரெண்டு வருஷமா கேக்க ஆளில்லாம உள்ளுக்குள்ளயே வச்சிருக்கேன். ஒரு கடுதாசி. அது அவர் கைக்கு வந்து சேர்ந்துச்சா இல்லையா? அவ்வளவுதான் எனக்குத் தெரியணும். ஆனா எந்தக் கடுதாசின்னு சொல்லணும்னா முதல்ல இருந்து வந்தாத்தான் விளங்கும். நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும்தான் இருந்துச்சு. ஆறு இருந்திருந்தா ஆறும் படிச்சிருப்பேன். கல்யாணமாகி இங்க வந்தப்போ இந்தத் தெருவுல எழுத்துத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கிடையாது. கோலாருக்குப் போனவன், பினாங்குக்குப் போனவன்னு வீட்டுக்கு ஒருத்தன் வெளியூர்ல. கடுதாசி வந்தா தபால்காரரையே படிக்கச் சொல்வாங்க. அவர் சைக்கிள்ல இருந்து ஒரு காலை ஊனிக்கிட்டு, தகரத்துல மழை பேஞ்ச மாதிரி படபடன்னு படிச்சுட்டு மிதிச்சுக்கிட்டுப் போயிடுவார். சாவுச் செய்தியும் சம்பந்தச் செய்தியும் ஒரே மூச்சுல வரும். ஜனங்க அழறதா சிரிக்கிறதான்னு தெரியாம நிப்பாங்க.

நான் வந்த பிறகு எல்லாம் என்கிட்டதான். நான் அப்படிப் படிக்கமாட்டேன். முதல்ல மனசுக்குள்ள ஒரு தடவை படிச்சுப்பேன். அப்புறம் எதிர்ல நிக்கிற ஆளைப் பார்ப்பேன். இந்த ஆள் எவ்வளவு தாங்கும்னு எடை போட்டுட்டுத்தான் வாயைத் திறப்பேன். மேலத்தெரு காசியம்மா இருக்கா. அவ புருஷன் பினாங்குல இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டேன், நீ உன் தம்பி வீட்டுக்குப் போயிடுன்னு எழுதியிருந்தான். நான் என்ன படிச்சேன்? இங்கே வேலை ஜாஸ்தி, கப்பல் கிடைக்கலை, பொறுமையா இருன்னு படிச்சேன். ரெண்டு வருஷம் தலை நிறையப் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. அந்த ரெண்டு வருஷத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? அப்படியே படிக்கிறதுக்குத் தபால்காரர் போதுமே, நான் எதுக்கு?

இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா? சரி, சரி.

மரகதத்தோட அப்பாவுக்கு அப்போ எழுத்து சுத்தமா வராது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கால்தான். கோலார் தங்கவயல்ல சுரங்கத்து வேலை, சாயங்காலம் ஆனா கால்பந்து. தொழிலாளிங்க டீமுல ரைட் அவுட், வலது ஓரத்துல ஓடி ஆடற இடம். வெள்ளைக்காரங்க பூட்ஸ் மாட்டி ஆடுவாங்களாம், இவங்க கணுக்கால்ல துணியைச் சுத்திக்கிட்டு வெறுங்காலோட. இவர் கோட்டோரமா ஓடிக்கிட்டே இருந்து, திடீர்னு குறுக்கே வெட்டி உள்ள போவாராம், கழனியில குறுக்குச்சால் ஓட்டற மாதிரி. அதனால அங்க அவருக்குக் குறுக்குச்சால்னே பேர். எனக்கும் அது வசதியாப் போச்சு. புருஷன் பேரை வாயால சொல்லாம குறுக்குச்சால்னு சொல்லிக்கலாம் பாருங்க. ஆனா அவர் ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை.

ஒரு தடவை பெங்களூர்ல சோல்ஜருங்க டீமோட ஆட்டம். இவர் ரெண்டு கோல் போட்டிருக்கார். ரெண்டாவது கோலுக்கு ஒரு பூட்ஸ் மிதிச்சு கட்டைவிரல் நகமே பேந்துபோச்சு, அதோட ஆடி முடிச்சிருக்கார். ஆட்டம் முடிஞ்சதும் மெட்ராஸ்ல இருந்து வந்த ஒருத்தர், ஏதோ பெரிய கிளப்புல செக்ரட்டரியாம், இவரைத் தனியாக் கூப்பிட்டு, எங்க டீமுக்கு வர்றியா, ஒர்க்‌ஷாப்புல வேலையும் பார்த்துத் தரேன், கமிட்டியில கேட்டுட்டு முடிவைக் கடுதாசியில எழுதறேன்னு சொல்லியிருக்கார். இவர் ஊர் விலாசத்தைக் கொடுத்துட்டு வந்துட்டார். அப்போ மரகதம் வயித்துல.

உடனே என்ன செஞ்சார் தெரியுமா? சுரங்க வேலையை விட்டுட்டார். கடுதாசி வரட்டும், அப்புறம் விடலாம்னு புத்தி வேணாமா? கூட ஆடினவங்க மாலை போட்டு, மேளம் அடிச்சு ஸ்டேஷன் வரைக்கும் ஊர்வலமாக் கொண்டுவந்து வழியனுப்பினாங்களாம். மெட்ராஸ்ல ஆடப்போற குறுக்குச்சால்னு. இவரும் அந்த மாலையைக் கழட்டாம ரயில்ல உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார்.

அப்புறம் மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தார். மரகதம் பிறந்தா. தபால்காரர் மணி கேட்டாப் போதும், மடியில குழந்தை இருந்தாலும் பாயில போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுவார். என்ன ஓட்டம்கிறீங்க. எனக்காக ஒரு நாள் அப்படி ஓடினது இல்லை. பிரசவ வலியில நான் கத்தினப்போ மருத்துவச்சியைக் கூப்பிட நடந்துதான் போனார். இதைக் குறையாச் சொல்லலை. சும்மா சொல்றேன்.

கார்த்திகை தீபம் முடிஞ்சு மூணாம் நாள் கடுதாசி வந்துச்சு. அச்சடிச்ச தாள். மேல பந்து படம் போட்டு கிளப் பேர், கீழ கையால எழுதின அழகான தமிழ். இவர் அதை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்து என்கிட்ட கொடுத்தார். பெரியவர், அக்கா தனபாக்கியம், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எல்லாரும் சுத்தி நின்னாங்க. நான் வழக்கம்போல முதல்ல மனசுக்குள்ள படிச்சேன்.

என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கும் எனக்கு மனப்பாடம். 'தை மாதம் பத்தாம் தேதிக்குள் வந்து சேரவும். ரைட் அவுட் இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சொல்லியாகிவிட்டது. முதல் வருஷம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் தங்க வேண்டும், குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம். இருபது வருஷமாக ஆட்டம் பார்க்கிறேன், இப்படி ஒரு கால் பார்த்ததில்லை.'

நிமிர்ந்து ஆளைப் பார்த்தேன். வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறார். என்னை அப்படி ஒரு நாளும் பார்த்தது இல்லை அந்த மனுஷன். மெட்ராஸ்ல ஆட்டம் பார்க்கப் பொம்பளைங்ககூட குடை பிடிச்சுக்கிட்டு வருவாங்கன்னு அவரே ஒரு நாள் சொல்லியிருந்தார். அந்த நேரத்துல அது வேற ஞாபகம் வந்துச்சு. அதுக்காக இல்லை அண்ணா. கைக்குழந்தை, பச்சை உடம்பு. என்னை அக்கா கையில விட்டுட்டு ஒரு வருஷம்னு போவார். ஒண்ணு ரெண்டாகும். காசியம்மா கதையை நான்தானே படிச்சேன்? எல்லாத்தையும் யோசிச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு படிச்சேன்:

'ஆட்டம் நன்றாக இருந்தது. ஆனால் உயரம் பத்தாது. இந்த வருஷம் இடம் இல்லை. வருந்துகிறோம்.'

ஏன் உயரம்னு சொன்னேன்னு நினைக்கிறீங்க? அங்கதான் என் புத்தி. ஓட்டம் பத்தாதுன்னு சொல்லியிருந்தா இன்னும் ஓடி ஓடிப் பழகுவார். உதை சரியில்லைன்னா ராப்பகலா உதைப்பார். அப்புறம் அந்த ஆசை விடுமா? உயரம்னா யார் என்ன பண்ண முடியும்? அதோட அறுந்துடும், மனுஷன் வீடு வாசலைப் பார்ப்பார்னு நினைச்சேன்.

இன்னொரு தடவை படின்னார். ஒரு எழுத்து பிசகாம அதையே படிச்சேன். எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. அப்புறம் தாளை வாங்கிக்கிட்டு, வெளிச்சத்துல பிடிச்சு, இதுல உயரம்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டார். நான் இங்கன்னு ஒரு இடத்துல விரலை வச்சேன். அந்த இடத்துல கால்னு எழுதியிருந்துச்சு. அவர் கட்டைவிரலால அதை ரெண்டு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் மடிச்சு என்கிட்டயே கொடுத்துட்டார், பெட்டியில வைன்னு.

பெரியவர் சும்மா இருப்பாரா? "மாடு வாங்கறப்பத்தான்டா உயரம் பார்ப்போம், பந்து உதைக்கவுமாடா அளந்து எடுக்கறானுங்க?"ன்னு சிரிச்சார். அக்கா அன்னைக்கு ராத்திரியே தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. குறுக்குச்சாலுங்கிற பேர் போய்க் குட்டைச்சால் ஆகிப்போச்சு. கிணத்தடியில அவர் வந்தா பொம்பளைங்க, வாளி எட்டுதான்னு கேப்பாங்க. நான்கூடச் சிரிச்சுடுவேன். சிரிப்பு வந்தா அடக்க முடியுமா?

சுரங்கத்துக்குத் திரும்பிப் போங்கன்னு சொன்னேன். நல்ல வழிதானே? மாலை போட்டு அனுப்பினவங்க முகத்துல எப்படிப் போய் முழிப்பேன்னுட்டார். அந்த மாலையைக் கொண்டுபோய் எருக்குழியில போட்டார். அப்புறம் ஒரு வேலை பண்ணார், நீங்க சிரிப்பீங்க. விடியக்காலையில ஏரிக்கரைக்குப் போய், புளியமரக் கிளையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவார். ரெண்டு கால்லயும் ஒவ்வொரு கல்லைக் கட்டிக்கிட்டு. உடம்பு நீளும்னு யாரோ சொன்னாங்களாம். தொங்கிட்டு வந்து, உள்கட்டு நிலைக்கதவுல முதுகை ஒட்டி நிப்பார். நான் கரித்துண்டால தலைக்கு மேல கோடு போடணும். தினமும். பால் கொடுத்துக்கிட்டு இருந்தாலும் எழுந்து போய்ப் போடணும். தினமும் அதே கோட்டு மேலதான் கோடு விழும். ஒரு நாள் பாவமா இருக்கேன்னு அரை விரக்கடை மேல போட்டேன். அன்னைக்கு மனுஷன் ரெண்டு ஆள் சோறு சாப்பிட்டார். மரகதத்தைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். மறுநாள் பெரியவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொன்னார். கோடு பழைய இடத்துக்கே வந்துடுச்சு. என்ன பண்றது, நான் என்னால ஆனதைச் செஞ்சேன்.

மாசி மாசம் சந்தையில பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தாங்க. அதுவரைக்கும் பட்டாளப் பேச்சே எங்க வீட்டுல கிடையாது. இவர் எள்ளு விக்கப் போனவர். அங்க ஒரு குச்சியை நட்டு வச்சு ஒவ்வொருத்தரா அளந்துக்கிட்டு இருந்திருக்காங்க. இவர் எள்ளு மூட்டையைக் கீழ வச்சுட்டு வரிசையில போய் நின்னுட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னார்:

"பச்சையம்மா, என் உயரம் பட்டாளத்துக்குப் போதுமாம். நான் ரெண்டு தடவை கேட்டேன். போதும்னுதான் சொன்னாங்க."

கைநாட்டு வச்சுட்டு வந்திருந்தார். நான் அழுதேன், அழாம இருப்பேனா? ஆனா நானா போகச் சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. வேணாம்னுதான் சொன்னேன். அப்புறம் சித்திரையில என்ன ஆச்சு? ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலி. ரயில் ரயிலா ஜனங்க பெட்டியும் பிள்ளையுமா ஓடி வந்தாங்களே, நம்ம ஆம்பூர் ஸ்டேஷன்ல கால் வைக்க இடமில்லை. அக்காகிட்ட அன்னைக்குத்தான் சொன்னேன், பார்த்தியா, அந்தக் கடுதாசிக்காரன் வான்னு கூப்பிட்டிருந்தா இன்னைக்கு இவர் கதி என்னன்னு. அக்காகூட, உன் தாலி கெட்டித் தாலிடின்னா. மெட்ராஸ்ல ஒரு குண்டும் விழலைன்னு பிற்பாடு சொன்னாங்க. விழுந்திருந்தா?

அவர் போனது பாலம் கட்டுற பட்டாளம். அது உங்களுக்குத் தெரியாததா? முதல்ல வந்த கடுதாசி எல்லாம் யாரையாவது விட்டு எழுதினது. அங்கயும் பந்துதான். மேஜர் துரைக்குப் பந்துன்னா உயிராம், இவரை எங்கயும் அனுப்பாம முகாம்லயே வச்சுக்கிட்டு ஆட விடறாராம். மத்தவங்க எல்லாம் மூங்கில் சுமக்கறாங்க, நான் பந்து உதைக்கிறேன், எனக்கே வெக்கமா இருக்குன்னு எழுதியிருந்தார். நான் அந்த வெக்கத்தை மட்டும் விட்டுட்டு வீட்டுல படிச்சேன்.

ஒரு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி வந்துச்சு பாருங்க. ஒவ்வொரு எழுத்தும் கத்தரிக்காய் மாதிரி. ஒரு பக்கத்துக்கு நாலே வரி. அவரே எழுதினது! சவரிமுத்து சொல்லிக்கொடுத்தார், சாயங்காலம் ஆட்டம் முடிஞ்சதும் மண்ணுல எழுதிக் காட்டுவார்னு இருந்துச்சு. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்க மேல ஒரு கோவமும் வந்துச்சு, மறைக்காம சொல்றேன். அடுத்த கடுதாசியிலேயே கேட்டுட்டார். மெட்ராஸ் கடுதாசியை அனுப்பு, என் கண்ணால படிச்சுப் பார்க்கணும். மேஜரும் கேட்கிறார், என் உயரத்துக்கு என்ன குறைன்னு. சண்டை முடிஞ்சதும் அந்த கிளப்புக்கு அவரே எழுதறாராம்னு.

எலி கடிச்சுடுச்சுன்னு எழுதினேன். கடிச்சது போக மிச்சத்தை அனுப்புன்னார். தேடிக்கிட்டு இருக்கேன்னு எழுதினேன். பெட்டிக்கு அடியில பாருன்னார். விடற மாதிரி தெரியலை. சரின்னு ஒரு யோசனை பண்ணேன். நல்ல வெள்ளைத் தாளா வாங்கி, வேற மாதிரிக் கையெழுத்துல, அன்னைக்கு நான் படிச்சதை அப்படியே எழுதினேன். ஆட்டம் நன்றாக இருந்தது, ஆனால் உயரம் பத்தாது. எழுதி முடிச்சுப் பார்த்தா அசல் செக்ரட்டரி எழுதின மாதிரியே இருந்துச்சு. மேல பந்து படம்தான் இல்லை. அச்சுத் தாளைக் கரையான் தின்னுடுச்சு, படியெடுத்து அனுப்பறேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

பழைய தாளையும் புதுத் தாளையும் பெட்டி மேல வச்சுட்டு, விலாசம் எழுதின உறையைப் பக்கத்துல வச்சுட்டு, மாடு அவுத்துக்கிச்சுன்னு கொல்லைப்பக்கம் ஓடினேன். பெரியவர் ஆம்பூருக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தார். தம்பிக்கு அனுப்ப வேண்டியது பெட்டி மேல இருக்கு, உறையில போட்டு ஒட்டிக்கிட்டுப் போங்கன்னு கொல்லையில இருந்து குரல் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியுமா என்ன? ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணு வெறும் கையெழுத்து, இன்னொண்ணுல அச்சும் படமும். எழுத்துத் தெரியாதவங்களுக்கு அச்சுன்னா சாமி மாதிரி. அச்சடிச்சது எதுவோ அதுதான் பெரிய இடத்துச் சமாச்சாரம்னு அதை எடுத்து உறையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். நான் மாட்டைக் கட்டிட்டு வந்து பார்க்கறேன், நான் எழுதினது பெட்டி மேலயே சிரிச்சுக்கிட்டு கிடக்கு. ஓடினேன். கடைசித் தோப்பு வரைக்கும் ஓடினேன். வண்டி போயிடுச்சு. சாயங்காலம் வந்ததும், ஏன் மாமா அதை எடுத்தீங்கன்னு கேட்டா, அசலைத்தானே கேட்டான் என் தம்பின்னார். என்னத்தைச் சொல்றது?

அது புரட்டாசி மாசம். அதுக்கப்புறம் மூணு மாசம் அவர்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. சண்டைக் காலம், தபால் எங்கயாவது தேங்கியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். கப்பல்ல போற தபால் எல்லாம் முழுகிப்போகுதுன்னு பேப்பர்லயே போட்டாங்களாமே. முழுகட்டும்னு வேண்டிக்கிட்டேன், நம்ம ஏரிக்கரை அம்மனுக்குத்தான். தை மாசம் ஒரு கடுதாசி வந்துச்சு. மாசியில தந்தி.

அப்புறம் மேஜர் துரை இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதியிருந்தார். அது எனக்கு வராதே, ஆம்பூர் கம்பவுண்டர்கிட்ட கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னோம். கன்னியப்பன், அவர் பேர்தான், துரை எழுதினதைச் சொல்றேன், கடைசி ரெண்டு மாசம் பந்தைத் தொடவே இல்லை, எவ்வளவு சொல்லியும் மாட்டேன்னுட்டான். ஆத்துல பாலம் போடற கூட்டத்தோட அனுப்புங்கன்னு அவனே மூணு தடவை வந்து கேட்டான். குண்டு வந்தப்போ எல்லாரும் படுத்தாங்க, அவன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தான். தைரியசாலின்னு எழுதியிருந்ததாம். கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிருக்கார் பாருங்க! முகாம்ல சுகமா பந்தாடிக்கிட்டு இருந்திருக்கலாம். பெரியவர் இன்னைக்கும் சந்தையில அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கார், என் தம்பி கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான்னு. ஊர்ல இப்போ ஒருத்தர் குட்டைச்சால்னு சொல்றது இல்லை.

ஏன் அண்ணா பந்தைத் தொடலை? கால்ல அடியா? நகம் பேந்த அதே கால்தானோ? அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்பவே தோணுச்சு.

என்ன அண்ணா, கையைக் காய விட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க? பாதிச் சோறு அப்படியே இருக்கு. காரமா? தண்ணி குடிங்க.

சரி, நான் கேக்க வந்ததைக் கேட்டுடறேன். நீங்கதானே பக்கத்துலயே இருந்தீங்க, நீங்கதானே எழுத்துச் சொல்லிக்கொடுத்தீங்க. உங்களுக்குத் தெரியாம அவர் ஒரு கடுதாசி படிச்சிருக்க முடியாது. பந்து படம் போட்ட தாள். கார்த்திகையில வந்திருக்கணும், இல்லாட்டி மார்கழியில. வந்துச்சா?

என்னைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணா. மரகதத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே.

என்ன? வரலையா? நல்லா ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ஒரு தாளே வரலையா?

அப்பாடா. ஏரிக்கரை அம்மன் கைவிடலை. எனக்கும் மனசுல அப்படித்தான் பட்டுச்சு, ஆனா ஒருத்தர் வாயால கேட்டாத்தானே தூக்கம் வரும். ரெண்டு வருஷம் அண்ணா. படுத்தா அச்சுத் தாள்தான் கண்ணுல நிக்கும். இன்னைக்கு நீங்க வயித்துல பால் வார்த்தீங்க. அவர் கடைசி வரைக்கும் உயரம்தான் குறைன்னு நினைச்சுக்கிட்டே நிம்மதியாப் போயிருக்கார். வந்து சேர்ந்திருந்தா மட்டும் என்ன, என் மேல கோவிச்சுக்கிட்டிருப்பாரா? அவருக்குக் கோவமே வராது. இருந்தாலும் தெரியாமப் போனதுதான் நல்லது. ஏன் சொல்றேன்னா, தை மாசத்துக் கடுதாசியில அதைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. வந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா, ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு? அதுல இருந்தது மரகதத்தைப் பத்தி மட்டும்தான். மூணே வரி. சுகமான்னுகூட கேக்கலை, அவசரத்துல எழுதியிருக்கார் பாவம். படிக்கட்டுமா? வேணாம், நீங்க எழுந்திருக்காதீங்க, நானே படிக்கிறேன், அவர் எழுத்து எனக்குத்தான் பழக்கம்.

'மரகதத்துக்கு நீ எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. அவளுக்கு வருகிற கடுதாசியை அவளே படிக்க வேண்டும்.'

அவ்வளவுதான். எனக்கு வீட்டு வேலையே முதுகொடியுது, சொல்லிக்கொடுக்க நேரம் ஏதுன்னு அங்க இருந்தே நினைச்சிருக்கார் பாருங்க. அந்த அன்பு யாருக்கு வரும்?

பள்ளிக்கூடமா? சேர்க்கலை அண்ணா. இந்த விஜயதசமிக்கா? நீங்களே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? திருநெல்வேலியில இருந்தா? நல்லாருக்கே. அந்த மூணு வரியை நான் வீட்டுல படிக்கவே இல்லை. எல்லாரும் சுகமா, நான் சுகம், மாடு கன்னு போட்டுச்சான்னு கேட்டு எழுதியிருக்கார்னு படிச்சேன், எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. பெரியவர் காதுல பள்ளிக்கூடம்னு விழுந்தா, செத்தவன் கேட்டதுன்னு சேர்த்தே தீருவார். அப்புறம் ஆடு மேய்க்க யார் போறது? அவளைப் பாருங்க, நாலரை வயசுல ரெண்டு குட்டியையும் எப்படி மடக்கிக்கிட்டு வர்றா. அவங்க அப்பா கால் அப்படியே.

ஒரு வீட்டுக்கு ஒருத்தி படிச்சாப் போதாதா அண்ணா? நாளைக்கே அவளுக்கும் கல்யாணம் ஆகும், மாப்பிள்ளை எங்கயாவது தூரதேசம் போவான், கடுதாசி வரும். வரட்டுமே. அதை எடுத்துக்கிட்டு என்கிட்ட வரமாட்டாளா? பெத்தவ நான். அவ எவ்வளவு தாங்குவான்னு என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு?